முதல் ஆட்டத்தின் ஏழு நிமிடம்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். இரண்டாவது ஆட்டம் தொடங்கிய நேரத்தை 2.52 என்று எழுதுவதற்குப் பதிலாக 2.25 என்று எழுதிவிட்டேன். முத்துவீரப்பன் அண்ணனிடம் தாளைக் கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேரலைப் பதிவைப் பார்த்து, சரியான நேரத்தை உறுதி செய்துகொண்டு திருத்த வேண்டும்.

அதிரா பேனாவை மூடிவிட்டு கைத்தொலைபேசியை எடுத்தாள். மலேசியாவில், கெலுகோரில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோடு ஒட்டிய கட்டில். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் பொருள் கிடங்கில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் கணக்கியல் வகுப்பு. வகுப்பு எடுக்கும் பிரமிளா, முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தார், தவறு செய்த நாளிலேயே அதை எழுதி வைக்க வேண்டும் என்று. மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதிரா மட்டும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு தவறோடுதான் தொடங்கும். எழுதத் தவறு எதுவும் கிடைக்காத நாளில் அவளுக்கு நிம்மதி வராது. எங்கோ ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வேறு. சுங்கை பினாங்கில் டயர் கடைக்கு மேல்மாடியில் முத்துவீரப்பன், கோலால் பந்தைக் குழிக்குள் தள்ளும் பில்லியர்ட்ஸ் மையம் ஒன்றை நடத்தினார். பதினொரு மேசை. ஜன்னலோர மேசைக்கு மேலே மட்டும் இரண்டு கேமரா. மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு ஆட்டம், எட்டு ஆட்டக்காரர்கள், எல்லாம் நேரலையில் போகும். பார்ப்பவர்கள் விரும்பினால் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று அன்பளிப்புப் பணம் அனுப்பலாம், கூடவே ஒரு வரி எழுதலாம். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி குறிப்பதும், ஆட்டம் தொடங்கி முடியும் நேரத்தை எழுதுவதும் அதிராவின் பொறுப்பு. திங்கட்கிழமை அன்பளிப்புப் பட்டியலை இறக்கி, யாருடைய ஆட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்று பிரித்து, ஆளுக்கொரு தாள் அச்சடித்துக் கொடுப்பாள். அந்தத் தாளில் அனுப்பியவர் பெயர் இருக்கும், அவர் எழுதிய வரியும் இருக்கும்.

இப்படிப் பிரித்துக் கொடுக்கும் முறையை உருவாக்கியதே அவள்தான். அதற்கு முன்னால் ஜெயித்தவனுக்கு ஏதோ கொஞ்சம், தோற்றவனுக்கு ஒரு தட்டு மீ கோரெங் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றவனும்தானே ஒரு மணி நேரம் நின்று ஆடினான், அவன் இல்லாமல் எதைப் பார்த்திருப்பார்கள் என்று அதிரா கேட்டாள். முத்துவீரப்பன் மோவாயைச் சொறிந்தபடி யோசித்தார். பிறகு முடிவானது இதுதான்: மேசைக்கு வந்தால் ஆளுக்கு அறுபது வெள்ளி. அந்த ஆட்டத்துக்கு வந்த அன்பளிப்பில் பாதி மையத்துக்கு, மீதிப் பாதி இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் சரிசமமாக. மூன்று மாதம் ஆனதும் யாருடைய பங்கு மிகக் குறைவோ அவர் விலக, புது ஆள் வருவார். பிரமிளாவிடம் இதையே வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்தபோது அவர் தாளின் ஓரத்தில் ‘நேர்மையான முறை’ என்று எழுதித் தந்தார். அதிரா அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஜூன் கடைசியில் விலகியவர் ரமணி.

நாற்பத்திரண்டு வயது, தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. இடது கை ஆட்டக்காரர். சத்தமில்லாமல் ஆடுவார். பந்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டுத்தான் குனிவார். ஐந்து மணிக்கு இரவு வேலைக்கு கிலாங் பஸ், தொழிற்சாலை பஸ், பிடிக்க வேண்டும் என்பதால் எப்போதும் முதல் ஆட்டம்தான் கேட்பார், அதுதான் அவருக்குக் கிடைக்கும். அவருக்கு அடுத்து பெரும்பாலும் ஹரீஷ். இருபத்திரண்டு வயதுப் பையன், வாரம் ஒரு புதுச் சட்டை. பதின்மூன்று வாரக் கணக்கைக் கூட்டியபோது ஹரீஷ் முதலில் இருந்தான், ரமணி கடைசி. அதிரா தாளை ரமணியிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். கணக்கு அப்படிச் சொன்னால் அப்படித்தான் என்றார். தன் கோலை இரண்டாகக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். பிறகு வரவே இல்லை.

இப்போது பதிவில் இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தாள் அதிரா. ஹரீஷ் குனிந்து முதல் அடி அடிக்கிறான். பந்துகள் சிதறுகின்றன. பக்கத்தில், பார்ப்பவர்கள் எழுதும் பகுதியில், அதே நொடிக்கு எதிரே 2.59 என்று இருந்தது.

அவள் தாளில் இருக்க வேண்டியது 2.52.

முதலில் தன் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். தொலைபேசியோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தாள். அதிலும் ஏழு நிமிடம். நான்காவதிலும் ஏழு. நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜூன், மே, ஏப்ரல். மார்ச் 2-ஆம் தேதிப் பக்கத்தில், தவறுக்கு அடுத்த வரியில், அவள் கையெழுத்திலேயே இருந்தது.

‘காப்பிக் கடையில் உட்கார்ந்து யாரோ பந்தயம் கட்டுகிறார்களாம். அதனால் நேரலையை ஏழு நிமிடம் தாமதமாக விடுவதாக அண்ணன் சொன்னார்.’

எழுதினாள். படித்தாள். அதற்கும் தன் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கின் மூலையில் உட்கார்ந்து, காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தாள். மேசையில் ஆட்டம் முடிகிறது. மூன்று நிமிடத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆனால் வீட்டில் பார்ப்பவருக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசிப் பந்து இன்னும் விழவில்லை. அது விழும்போது அவர் மகிழ்ந்து ஐந்து வெள்ளி அனுப்புகிறார். அந்த நேரத்தில் அதிராவின் தாளில் அடுத்த ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்பளிப்பு அதிகம் வருவதே ஆட்டம் முடியும்போதுதான். அவ்வளவும் அடுத்தவர் பெயருக்குப் போயிருக்கிறது. இரண்டாவது ஆட்டம் மூன்றாவதிடம் இழந்ததை முதல் ஆட்டத்திடமிருந்து பெற்றுக்கொண்டது. மூன்றாவதும் அப்படியே, நான்காவது வாங்க மட்டும் செய்தது. முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டம் இல்லை. அது கொடுத்தது, வாங்கவில்லை. ரமணியோடு ஆடியவர்கள் வாரத்துக்கு ஒருவராக மாறினார்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு முறைதான் அந்த நஷ்டம். பதின்மூன்று வாரமும் முதல் ஆட்டம் ஆடியவர் ரமணி ஒருவர்தான்.

மாலை வகுப்பில் பிரமிளா தேய்மானம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதிரா பின்வரிசையில் தலை குனிந்து, அன்பளிப்பு ஒவ்வொன்றின் நேரத்தையும் ஏழு நிமிடம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். முடிந்தபோது ரமணி எட்டாவது இடத்தில் இல்லை, மூன்றாவது. அவர் பங்கில் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு வெள்ளி குறைந்திருந்தது.

பணத்தோடு நின்றிருந்தால் அவள் எப்படியோ தாங்கியிருப்பாள்.

ஹரீஷின் தாளிலிருந்து ரமணியின் தாளுக்கு நகர்ந்த வரிகளில் ஒரு பெயர் வாராவாரம் வந்தது. பழனி. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து வெள்ளி, தவறாமல். அதிராவுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். மையத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹரீஷ் அவரை ‘என் ரசிகர் தாத்தா’ என்று சொல்லி, தாள் கைக்கு வந்ததும் அவர் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவான். ‘இடது கை நல்லா நிக்குது.’ ‘அவசரப்படாதே.’ ‘எட்டாம் நம்பர் போச்சு, பரவால்ல.’

ஒரு முறை சிரிப்பு அடங்காமல் அவன் சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது.

“தாத்தாவுக்குக் கண்ணு போச்சு லா அக்கா. நான் வலது கை. இவரு மாங்கு மாங்குன்னு இடது கைக்கு அட்வைஸ் பண்றாரு.”

கேமராவில் படம் இடம் வலம் மாறித் தெரிகிறதோ என்னவோ என்று யாரோ சொன்னார்கள். அது எல்லாருக்கும் போதுமான விளக்கமாக இருந்தது. அதிராவும் சிரித்தாள்.

ஜூன் 29-க்குப் பிறகு பழனி அன்பளிப்பு அனுப்பவில்லை. ஜூலை 6-ஆம் தேதி மட்டும் பணமில்லாமல் ஒரு வரி. ‘பையன் எங்க, இன்னிக்கு வரல?’ அப்போது மேசையில் ஹரீஷ்தான் ஆடிக்கொண்டிருந்தான். வழக்கமாக எழுதுகிறவர்களுக்கு மையத்தின் சார்பில் பதில் போடுவதும் அதிராவின் வேலை. திங்கட்கிழமை அவள் போட்ட பதில் அந்த வரிக்குக் கீழேயே இருந்தது. ‘நன்றி ஐயா. ஹரீஷ் நேற்றும் ஆடினார். அடுத்த வாரமும் ஆடுவார். தொடர்ந்து பாருங்கள்.’

அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ரமணியின் அப்பா இறந்தபோது, முத்துவீரப்பனும் ஹரீஷும் அதிராவும் சுங்கை பினாங் பிளாட்டுக்குப் போயிருந்தார்கள். கீழே கூடாரத்தில் ஒட்டியிருந்த தாளில் பழனியப்பன் என்ற பெயர் இருந்தது. அது எங்கும் இருக்கிற பெயர்தானே. ரமணியின் அக்கா வள்ளியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். அப்பாவும் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லையாம். சின்ன வயதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பில்லியர்ட்ஸ் மேசையில் கிடந்தான் என்று சண்டை தொடங்கியது, கடைசியில் பேச்சு எதற்கு நின்றது என்றே இருவருக்கும் மறந்து போயிருக்கும். ஒரே வரிசையில் இரண்டு பிளாட், ஒரே லிஃப்ட். அப்பா கடைசி வருடம் படுக்கையோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை சோறு வேண்டாம் என்பார், என்ன பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் அதிரா கேட்டாள். தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, இரங்கல் வீட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததை அன்றைய தவறாக எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மலேசியா தினம், விடுமுறை. காலையிலேயே மையத்துக்குப் போனாள். மேசைகளின் மேல் உறை போட்டிருந்தது. முத்துவீரப்பன் கல்லாவில் உட்கார்ந்து கோல் நுனியில் தேய்க்கும் சாக்குக் கட்டிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் தாள்களை அவர் முன்னால் விரித்து, முதலில் மார்ச் இரண்டாம் தேதி வரியைக் காட்டினாள், பிறகு கணக்கை, கடைசியாக ரமணியின் அப்பா எழுதிய வரிகளை. அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மற்ற இடங்களில் ஜெயித்தவனுக்குக் கோப்பையும் ஒரு போட்டோவும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், தான் பிரித்துக் கொடுத்ததே நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் என்றார் அவர். குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது. ஹரீஷிடம் போய்த் திருப்பிக் கொடு என்று கேட்க முடியுமா, அவன் அந்தக் காசில் மோட்டாருக்கு டயர் மாற்றிவிட்டான் என்றும் சொன்னார். கடைசியில் மையத்தின் பங்கிலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு வெள்ளி எடுத்து உறையில் போட்டார். ரமணிக்கு முதல் ஆட்டம் மறுபடி உண்டு என்று சொல்லச் சொன்னார். அதிரா உறையை வாங்கிக்கொண்டு எழுந்தபோது அவர் கூப்பிட்டார்.

“அந்தப் பழனி விஷயத்த அவருகிட்ட சொல்லாத. காச மட்டும் குடு. செத்துப் போனவரு இனிமே வந்து பதில் சொல்லவா போறாரு. தெரிஞ்சு என்ன ஆகப் போவுது, தூக்கம்தான் போவும்.”

“தாள்ல அனுப்பினவங்க பேரு இருக்கும்ணே.”

“பேர எடுத்துட்டு அச்சடி.”

அவள் அச்சடிக்கும் கடையில் நின்று இரண்டு தாளும் எடுத்தாள். பெயர் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. பெயர் உள்ளதன் கடைசியில் பழனியின் ஜூலை 6-ஆம் தேதி வரியையும் சேர்த்திருந்தாள். பெயர் இல்லாத தாள் பார்க்கச் சுத்தமாக இருந்தது. எந்தத் தப்பும் நடக்காத இடத்தின் கணக்கு மாதிரி. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றும் தோன்றியது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படித் தோன்றுகிறது என்றும் தோன்றியது. எது சரி என்று லிஃப்டில் பதினோராவது மாடி வரும்வரை முடிவு செய்ய முடியவில்லை.

மணி நான்கரை. ரமணி தொழிற்சாலைச் சட்டை போட்டு, வாசலில் செருப்பு வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பாதுகாப்புச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் இரட்டைச் சம்பளம், அதனால் போகிறார் என்று அவர் மனைவி துளசி சொன்னாள். அதிரா உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஏழு நிமிடத்தை, முதல் ஆட்டத்தை, முந்நூற்றுத் தொண்ணூற்றேழு வெள்ளியை. துளசி உறையை வாங்கிக்கொண்டாள். ரமணி சப்பாத்தின் கயிற்றைக் கட்டி முடித்தார். பிறகு வழக்கம் போலக் கையை நீட்டினார், தாளுக்காக. மூன்று மாதமும் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் கை நீட்டி வாங்கியிருக்கிறார்.

அந்தக் கையைப் பார்த்ததும் அதிரா பெயர் உள்ள தாளைக் கொடுத்தாள்.

அவர் இடது ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. அடுத்த தேதியில் நின்றது. அதற்கடுத்ததில். துளசி எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“எட்டாம் நம்பர் போச்சு, பரவால்ல,” என்று ரமணி மெதுவாகப் படித்தார். “அன்னிக்கு அத நான் விட்டிருக்கக் கூடாது.”

பிறகு விரல் கடைசி வரிக்கு வந்தது.

“பையன் எங்கன்னு கேட்டிருக்காரு. யாராச்சும் பதில் போட்டீங்களா?”

“நான் போட்டேன்ணே.” அதிரா தாளில் இருந்த அந்த வரியைப் பார்த்தபடி சொன்னாள். “ஹரீஷ் ஆடினாரு, அடுத்த வாரமும் ஆடுவாருன்னு போட்டேன்.”

ரமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“நீ என்னம்மா பண்ணுவ. உனக்குத் தெரியாது.”

“தெரியும்ணே. ஏழு நிமிஷம்னு மார்ச் ரெண்டாம் தேதியே எழுதி வெச்சிருக்கேன். எழுதினதோட சரி.”

தன் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்று கணக்கு வந்ததும், சரி, யாருமில்லை என்றுதான் தானும் நினைத்துக்கொண்டதாக ரமணி சொன்னார். கோலை புக்கிட் மெர்தாஜாமில் ஒருவனுக்கு விற்றாகிவிட்டது. முதல் ஆட்டம் பற்றி அவள் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை பகல் ஷிப்டுக்கு வருடக் கடைசி வரை பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதை மாற்ற முடியுமா என்று அவளும் கேட்கவில்லை. வள்ளியம்மா அக்காவிடம் அப்பாவின் போன் இன்னும் இருக்கிறதா என்று துளசியிடம் கேட்டார். இருக்கும் என்றாள் துளசி.

பணம் பெற்றதற்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அதைக் கேட்க அதிராவுக்குக் கூச்சமாக இருந்தது, அவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். இடது கையால் எழுதும்போது உள்ளங்கையின் ஓரம் மையின் மேல் உரசி, அவர் பெயர் முழுவதும் லேசாகக் கலைந்தது. மன்னிக்கச் சொன்னார். எப்போதும் இப்படித்தான் ஆகும், சின்ன வயதில் அப்பா இதற்காக அடிப்பார் என்றார். சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

தாளை நான்காக மடித்து, தொழிற்சாலை அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். துளசி கொண்டு வந்த மைலோவைக் குடிக்கும்வரை அதிரா அங்கேயே இருந்தாள். அவள் கீழே இறங்கியபோது கிலாங் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் ஏறிவிட்டார்கள். ரமணி மட்டும் தன் பிளாக்குக்கு எதிரே, தலையைத் தூக்கி, மேலே அப்பாவின் ஜன்னல் எது என்று எண்ணுகிறவர் போல நின்றிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டாவது முறை அடித்தபோது போய் ஏறிக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்.

ஞாயிறு தாளில் 2.25 என்று இருந்ததை 2.52 என்று திருத்திவிட்டேன். பெயர் இல்லாத தாளைக் கிழித்துப் போட்டேன். ரமணி அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதுகூட என் வசதிக்காகத்தானோ என்று தெரியவில்லை. பழனியப்பன் ஐயாவுக்கு நான் எழுதிய பதிலை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. அவர் வீட்டில் யாராவது அந்தப் போனைத் திறந்தால் அது அங்கே இருக்கும்.

நாளை வேலை முடிந்ததும்: மற்ற ஏழு பேருடைய தாள்களையும் ஏப்ரல் 6-இலிருந்து ஏழு நிமிடம் பின்னுக்கு நகர்த்தி, அனுப்பியவர் பெயர்களோடு மறுபடி அச்சடிக்க வேண்டும்.